விளையாட்டுக் கம்ப்யூட்டர்: விலை என்ன? வேகம் என்ன?

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று மாணவர் பேரவையிலிருந்து கேட்டார்கள். கவிதை எழுத வராதவன் எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், நம் வகுப்பில் மதிய இடைவேளையில் தினமும் நடக்கிற சண்டையையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். கேம் விளையாடப் பிளேஸ்டேஷன் வாங்குவது லாபமா, கம்ப்யூட்டர் வாங்குவது லாபமா என்பதுதான் அந்தச் சண்டை. சண்டை போடுகிற ஒருத்தரிடமும் பிளேஸ்டேஷன் கிடையாது என்பது வேறு விஷயம்.

எனக்கு அது வெறும் அரட்டை இல்லை. எனக்குச் சொந்த ஊர் கொடைரோடு பக்கம். அப்பா நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போய்விடுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். படிப்புக்குக் கம்ப்யூட்டர் வேணும் என்று நான் கேட்டதும், அம்மா 25,000 ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார். கழிவு போகக் கைக்கு வந்தது 22,000. படிப்புக்கு என்றுதான் கேட்டேன், ஆனால் மனசுக்குள் பாதி கேமுக்கு. இதை மலரில் எழுதுகிறேன் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த 22,000 ரூபாய்க்கு நான் போட்ட கணக்கும், போடாமல் விட்ட ஒரு கணக்கும்தான் இந்தக் கட்டுரை.

மாமா வீட்டு டிவி கேம்

முதலில் கொஞ்சம் பழைய கதை. எங்கள் மாமா வீட்டுப் பரணில் ஒரு டிவி கேம் இருக்கிறது. 1990-களில் வாங்கியது. மஞ்சள் கேசட், அதன் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். முதல் சில கேம்களைத் தாண்டினால் அவையே வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

அந்த மிஷின் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். நம் நாட்டில் பல பெயர்களில் இப்படிப்பட்ட நகல்கள் விற்றன. ஃபேமிகாமின் பிராசஸர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட், படத்துக்குத் தனியாக இன்னொரு 2 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக்கூட அதற்குள் அடக்க முடியாது!

பிறகு எப்படி மரியோ ஓடினார்? படத்தை முழுசாக வரைவதில்லை. 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்ன ஓடுகள் கேசட்டிலேயே இருக்கும். எந்த ஓடு எந்த இடத்தில் என்று பிராசஸர் சொன்னால் போதும், மீதியைப் படச் சிப் பார்த்துக்கொள்ளும். அசையும் உருவங்களுக்கும் இப்படி ஓடுகள்தான். திரையில் மொத்தம் 64, ஆனால் ஒரே கிடைக்கோட்டில் 8-க்கு மேல் காட்ட முடியாது. காண்ட்ரா விளையாடும்போது குண்டுகள் அதிகமானால் ஆட்கள் மினுக் மினுக்கென்று மறைவார்களே, அதற்குக் காரணம் இந்த எட்டுதான். மாமா உடனே கேசட்டைக் கழற்றி ஊதுவார். ஊதி ஒரு பயனும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அவரிடம் சொல்லவில்லை.

இதில் விலைச் சமாசாரம் ஒன்று உண்டு. ஃபேமிகாமின் பிராசஸர் 6502 என்ற சிப்பின் வழி வந்தது. எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனம் 1975-இல் 6502-ஐ 25 டாலருக்கு விற்றது. அந்த நேரத்தில் மற்றக் கம்பெனிச் சிப்புகள் நூறு டாலருக்கும் மேல். விலை இறங்கியதால்தான் அது விளையாட்டுச் சாமானுக்குள் வந்தது. வேகம் போதாத இடத்தை ஓடு அடுக்கும் தந்திரத்தால் சமாளித்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு கூரையை இரண்டு மழைக்காலம் ஓட்டுவது மாதிரி.

வேகத்தை அளப்பது எப்படி?

திரையில் ஓடுவது சினிமா மாதிரிதான், படத்துக்குப் பின் படம். ஒரு படத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு மிஷினுக்குக் கிடைக்கும் நேரம் 1000 வகுத்தல் 60, அதாவது 16.67 மில்லிவினாடி. 30 ஃப்ரேம் போதும் என்றால் 33.3 மில்லிவினாடி. சினிமாவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். கேமில் நீங்கள் பட்டனை அமுக்கிய பிறகுதான் படமே பிறக்கிறது. கஷ்டமெல்லாம் அதில்தான்.

அந்த 16.67 மில்லிவினாடிக்குள் எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளி. 4கே என்கிற பெரிய திரையில் அதைப் போல நான்கு மடங்கு, 82,94,400. என்னிடம் இருக்கும் பழைய 19 அங்குல மானிட்டர் 1366-க்கு 768. பெருக்கினால் 10,49,088. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி டெராஃப்ளாப். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவார்கள், கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் மூன்று எண்களைப் பெருக்கினால் வந்துவிடும். கிராபிக்ஸ் சிப்பில் உள்ள கணக்கு அலகுகளின் எண்ணிக்கை, பெருக்கல் 2, பெருக்கல் கடிகார வேகம். ஏன் 2? ஒவ்வொரு அலகும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யும் என்பதால்.

பிளேஸ்டேஷன் 5-இல் 2,304 அலகுகள், உச்ச வேகம் 2.23 கிகாஹெர்ட்ஸ். பெருக்கிப் பாருங்கள், 10.28 டெராஃப்ளாப். 2017-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 என்ற கார்டிலும் அதே 2,304 அலகுகள்தான்! ஆனால் வேகம் 1.34 கிகாஹெர்ட்ஸ். ஆகவே 6.17. ஆள் எண்ணிக்கை ஒன்று, கை வேகம் வேறு.

இதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். கணக்குப் போடுகிறவனுக்குச் சரக்கு வந்து சேர வேண்டுமே. நினைவகத்திலிருந்து வினாடிக்கு எத்தனை கிகாபைட் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-க்கு 448, ஆர்எக்ஸ் 580-க்கு 256. பூ மார்க்கெட்டில் எடை போட பத்துப் பேர் நின்றாலும், மூட்டை இறக்க ஒருத்தர்தான் என்றால் ஒன்பது பேர் சும்மா நிற்க வேண்டியதுதான். அந்த ஒருத்தர் எங்கப்பா என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது.

பெட்டியின் விலையும் உண்மைச் செலவும்

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தது. டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய். அமெரிக்காவில் அது 499 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 36,500 ரூபாய். இறக்குமதி வரி ஒரு பக்கம், ஜிஎஸ்டி இன்னொரு பக்கம்.

பழைய மிஷின்களுக்கு நாள் ஆக ஆக விலை குறையும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-இல் 299 டாலருக்கு வந்து 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. காத்திருந்தவன் ஜெயித்த காலம் அது. இப்போது தலைகீழ். பிளேஸ்டேஷன் 5 இங்கே 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள்.

கம்பெனிக்காரர்கள் மிஷினை நஷ்டத்துக்கே விற்ற காலமும் உண்டு. 2006-இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்துக் கணக்குப் போட்டது. 499 டாலருக்கு விற்ற மாடலைச் செய்ய 805 டாலர் ஆகிறது என்றார்கள். அந்த நஷ்டத்தை விற்கும் ஒவ்வொரு கேமிலும் எடுத்துக்கொள்வார்கள். பிளேஸ்டேஷன் 5 வந்தபோது புதுப் பெரிய கேம் ஒன்று இங்கே 4,999 ரூபாய். ஐந்து கேம் வாங்கினால் எங்கம்மா சீட்டு முழுசும் காலி.

இன்னொரு சிக்கல் எங்கள் வீட்டு டிவி. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி. இன்னும் ஓடுகிறது. மாமாவின் மஞ்சள் கேசட் அதில் ஜோராக வரும். ஆனால் பிளேஸ்டேஷன் 5-க்கு எச்டிஎம்ஐ வழி மட்டும்தான். ஆகவே புது டிவியும் வாங்க வேண்டும். நண்பர்கள் சண்டையில் இதை யாரும் சேர்ப்பதில்லை!

நான் வாங்கியதும் தோற்றதும்

ஆக, கம்ப்யூட்டர் என்று முடிவு செய்தேன். மதுரையில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில், நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம், சின்ன எஸ்எஸ்டி, 19 அங்குல மானிட்டர், எல்லாம் சேர்த்து 13,000 ரூபாய். ஏதோ ஆபீஸில் ஓடிய மிஷின். இதுவரை நான் செய்தது சரி.

அடுத்துக் கண்ணில் பட்டது ஆர்எக்ஸ் 580 கார்டு. 5,500 ரூபாய். ஏன் இவ்வளவு மலிவு? எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசைத் "தோண்டுவதற்கு" இப்படிப்பட்ட கார்டுகளை ராப்பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் அந்த வேலை நின்றுபோய், கார்டுகள் பழைய மார்க்கெட்டில் வந்து குவிந்தன. நான் வாங்கியதும் அந்த ரகமாக இருக்கலாம். அது 185 வாட் தின்னும் கார்டு. ஆபீஸ் மிஷினில் இருந்த பவர் சப்ளையில் அதற்கான எட்டு முள் ஒயர் இல்லை.

"இந்த எஸ்எம்பிஎஸ் போட்டுக்க தம்பி, 450 வாட்டு, 650 ரூவாதான்" என்றார் கடைக்காரர்.

"தாங்குமாண்ணே?"

"அதெல்லாம் தாங்கும்."

நானும் ஸ்டிக்கரைப் பார்த்தேன், 450 என்று பெரிசாகத்தான் போட்டிருந்தது. மொத்தம் 19,150. மிச்சம் 2,850-ஐ அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பஸ்ஸில் சிறுமலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஏதோ சாதித்த மாதிரி.

எட்டு நாள் நன்றாக ஓடியது. சின்ன கேம்கள்தான் ஓட்டினேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் பெரிய கேம் ஒன்றைப் போட்டேன். எங்கள் பக்கம் அந்நேரம் தோட்டத்து மோட்டார்கள் ஓடும், டியூப் லைட் மங்கும். பட்டென்று ஒரு சத்தம். திரை கருத்துப்போனது.

"என்னய்யா, கருகின வாட வருது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. எஸ்எம்பிஎஸ் போனதோடு கார்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. போர்டு மட்டும் தப்பியது. கடையில் போய்க் கேட்டதற்குப் பழைய சாமானுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். பில்லும் என்னிடம் இல்லை. 6,150 ரூபாய். அம்மா எத்தனை விடியற்காலை பூ எடுத்தால் அது வரும் என்று கணக்குப் போடாமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவே, "பாடம் படிக்கிற மிஷினு ஓடுதுல்ல? அது போதும்யா" என்றார்.

செத்த எஸ்எம்பிஎஸ்ஸை லேபுக்கு எடுத்துப் போனேன். லேப் சார் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "வாட்டைப் படிச்ச, ஆம்பியரைப் படிச்சியாடா?"

ஸ்டிக்கரின் கீழ்ப்பகுதியில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. 12 வோல்ட், 16 ஆம்பியர். முதலாமாண்டிலேயே படித்த சூத்திரம்: வாட் என்பது வோல்ட் பெருக்கல் ஆம்பியர். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட்தான்! கம்ப்யூட்டரில் கனமான வேலையெல்லாம் இந்த 12 வோல்ட் ஒயரில்தான் நடக்கிறது. கார்டுக்கு 185, பிராசஸருக்கு 84, சேர்த்தால் 269. 192 தாங்கும் தலையில் 269 ஏற்றியிருக்கிறேன். 450 என்று மேலே போட்டது எந்தக் கணக்கு என்று அதைப் போட்டவருக்கே வெளிச்சம்.

வோல்டேஜ் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். 300 வாட் தேவைப்படும் மிஷின் 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் இழுக்கும். மாலையில் எங்கள் வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 170 வோல்ட். அப்போது அதே வேலைக்கு 1.76 ஆம்பியர் இழுக்க வேண்டும். தண்ணீர் மெதுவாக வந்தால் குழாயை இன்னும் திறப்பது மாதிரி. கரண்டு கூடினால் சூடும் கூடும். டவுனில் இருப்பவர்கள் எழுதும் விமர்சனங்களில் இந்த மோட்டார் நேரமெல்லாம் வராது. நம் ஊர்ப் பிள்ளைகள் தாங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கார்டு இல்லாத மாதங்கள்

பிராசஸருக்குள்ளேயே ஒரு குட்டி கிராபிக்ஸ் இருக்கிறது. 160 அலகு, 1.15 கிகாஹெர்ட்ஸ், அதாவது 0.37 டெராஃப்ளாப். சும்மா கிடைத்ததை ஏன் விடுவது என்று அதிலேயே 2002-இல் வந்த வைஸ் சிட்டி ஓட்டினேன். அந்த கேமுக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 128 மெகாபைட் ராமும் இருந்தால் போதும் என்று அதன் பெட்டியிலேயே இருக்கும். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறை அதில்தான் பைக் ஓட்டியது.

இங்கே ஒரு மலிவான வித்தை கற்றேன். 500 ரூபாய்க்கு இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கி இரண்டாவது குழியில் போட்டேன். ஒரு ராம் மட்டும் இருந்தால் வினாடிக்கு 12.8 கிகாபைட், இரண்டும் சேர்ந்தால் 25.6. குட்டி கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இந்த ராமைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே விக்கி விக்கி ஓடிய சில கேம்கள் நன்றாக ஓட ஆரம்பித்தன. மூட்டை இறக்க இன்னொரு ஆள் வந்துவிட்டார்! (இது பழைய டிடிஆர்3 ராம் விலை. புது ராம் வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. 2025 கடைசியிலிருந்து செயற்கை அறிவு மையங்களுக்கு ராம் போகப் போக, விலை ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்களுக்கு விற்ற குருஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.)

தை மாதத்தில் நிலக்கோட்டையில் இரவு வேலை கிடைத்தது. அப்பாவோடு நானும் மூட்டை தூக்கினேன். அந்தக் காசில் முதலில் நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினேன், 2,800 ரூபாய். இந்த முறை ஆம்பியரைப் படித்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். பிறகு பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 6,000 ரூபாய். கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன். இந்தக் கார்டுக்கு 75 வாட் போதும். போர்டில் உள்ள குழியே அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும் என்பதால் பல மாடல்களுக்குத் தனி ஒயரே வேண்டாம். 896 அலகு, 2.98 டெராஃப்ளாப்.

சண்டையில் யார் பக்கம்?

இப்போது கணக்கு. நான் மொத்தம் செலவழித்தது 28,450 ரூபாய். ஒரு டெராஃப்ளாப்புக்கு 9,547 ரூபாய் விழுகிறது. பிளேஸ்டேஷன் 5-இல் 54,990-ஐ 10.28-ஆல் வகுத்தால் 5,349 ரூபாய். ஆகவே நண்பர்களே, வேகத்துக்குக் காசு என்று மட்டும் பார்த்தால் பிளேஸ்டேஷன் கட்சிதான் ஜெயிக்கிறது. நான் கம்ப்யூட்டர் கட்சி என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த 19 அங்குல மானிட்டரை மறக்காதீர்கள். என் கார்டின் சக்தி பிளேஸ்டேஷனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் வரைய வேண்டிய புள்ளிகளோ 4கே திரையில் எட்டில் ஒரு பங்குதான். 2013-இல் வந்த ஜிடிஏ 5 என் வீட்டில் 60 ஃப்ரேமுக்கு மேலேயே ஓடுகிறது. சின்னத் திரை வைத்திருப்பவன் சின்னக் கார்டோடு நிம்மதியாக இருக்கலாம். புதுப் பெரிய கேம்கள் இதில் திணறும் என்பதும் உண்மைதான். 4 ஜிபி கார்டு நினைவகம் அவற்றுக்குப் பற்றாது.

கரண்டுக் கணக்கும் போட்டேன். 200 வாட், தினம் 2 மணி நேரம், 60 நாள், ஆக 24 யூனிட். 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததிலிருந்து அதற்குள் அடக்கியே அம்மா வீட்டை நடத்திப் பழகியவர். ஆகவே கேம் நேரத்துக்கு எங்கள் வீட்டில் ரேஷன்.

பகலில் அதே மிஷினில் மைக்ரோகண்ட்ரோலர் புரோகிராம் எழுதுகிறேன், சர்க்யூட் வரைகிறேன். போன செமஸ்டர் பிராஜெக்ட் ரிப்போர்ட் இரண்டு நண்பர்களுடையது உட்பட இதில்தான் அடித்தோம். இதைப் பிளேஸ்டேஷனில் செய்ய முடியாது, இதற்கு டெராஃப்ளாப்பும் தேவையில்லை.

ஒரு கணக்கு மட்டும் இன்னும் உறுத்துகிறது. எரிந்துபோன 6,150-ஐக் கழித்தால் என் செலவு 22,300. அம்மா கொடுத்ததைவிட 300 ரூபாய்தான் அதிகம்.

எரிந்த கார்டு இப்போது நம் லேப் அலமாரியில் இருக்கிறது. சார் அதில் மாஸ்ஃபெட் எங்கே, சோக் காயில் எங்கே என்று ஜூனியர்களுக்குக் காட்டுகிறார். பழைய பவர் சப்ளை வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன். மதிய இடைவேளையில் ஜன்னலோரக் கடைசி பெஞ்சில்தான் இருப்பேன்.